ஃப்ளர்டேஷன்ஸ் பாட்டு சோல்தானா, இல்ல சோல் வேஷம் போட்ட பாப் பாட்டா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க

செம்பூர் ஸ்டைலஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம செட்டு மாசத்துல ஒரு ஞாயிறு பாண்டி அண்ணன் வீட்ல உக்காந்து ரெகார்டு கேக்கறது இங்க பாதி பேருக்குத் தெரியும். இந்த மாசம் தலைப்பு சோல், அமெரிக்கக் கறுப்பர்கள்கிட்ட இருந்து வந்த பாட்டு வகை. 1970க்கு முன்னாடி வந்ததா இருக்கணும், ஆளுக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான் ரூல். நான் கொண்டு வரேன்னு சொன்னது ஃப்ளர்டேஷன்ஸ்ன்ற பொண்ணுங்க குழு பாடின ‘நத்திங் பட் எ ஹார்ட்டேக்’, 1968, டெராம் லேபிள், இங்கிலாந்து பிரஸ்ஸிங். மும்பை சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்ல பழைய ஃபேன், டெலிபோன் எல்லாம் குவிச்சு வெச்சிருக்கற ஒரு கடையில கிடைச்சுது. ஜூக்பாக்ஸ்ல போடறதுக்காக நடுவுல பெரிய ஓட்டை போட்ட தட்டு, அடாப்டர் இல்லாம சுத்தாது. லேபிள்ல யாரோ பால்பாயின்ட் பேனாவால ஒரு டிக் அடிச்சு வெச்சிருக்காங்க. கீறல் இருக்கு ஆனா ஊசி எங்கயும் குதிக்கல.

இப்ப பிரச்சனை என்னன்னா பாண்டி அண்ணன் வாட்ஸப்ல ஒரே வரில முடிச்சிட்டாரு, “தம்பி அது பாப், வேற எடுத்துட்டு வா”ன்னு. ஏன்னு கேட்டா ப்ளூ டிக் மட்டும் வருது பதில் வரல. எனக்குக் கேக்கறப்போ அது சோல்தான், பாடற பொண்ணு அடிவயித்துல இருந்து பாடுது, ப்ராஸ் அடிக்குது, கால் தானா ஆடுது, இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா பாட்டை எழுதினது தயாரிச்சது எல்லாம் லண்டன்ல உக்காந்திருந்த ரெண்டு வெள்ளைக்காரங்கன்றதும் உண்மைதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க, இது சோல் கணக்குல வருமா வராதா?

பேக்பீட் பாண்டி:
வாட்ஸப்ல பதில் சொல்லலன்னு இங்க வந்து பஞ்சாயத்து வெச்சிட்டியா, சரி வா.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும், நல்ல பாட்டு. நல்ல பாட்டா இல்லையான்றது இல்ல கேள்வி. யார் பண்ணினதுன்னு பாரு. வெய்ன் பிக்கர்டன், டோனி வாடிங்டன், ரெண்டு பேரும் லிவர்பூல் பசங்க, பீட்டில்ஸ் 1962ல கழட்டி விட்டாங்களே பீட் பெஸ்ட், அந்த ட்ரம்மர் பின்னாடி ஆரம்பிச்ச பேண்ட்ல வாசிச்சவங்க. அப்புறம் பிக்கர்டன் டெக்கா ரெகார்டு கம்பெனில வேலைக்குச் சேர்ந்தாரு. டெக்காவோட கிளை லேபிள்தான் டெராம், 1966ல ஆரம்பிச்சது, அதுல வந்தது யாரு? மூடி ப்ளூஸ், கேட் ஸ்டீவன்ஸ், டேவிட் போவியோட முதல் ஆல்பம். இதே ரெண்டு பேரும் 1974ல ரூபெட்ஸுக்கு ‘ஷுகர் பேபி லவ்’ எழுதி இங்கிலாந்துல நம்பர் ஒன் ஆக்கினாங்க, அதைக் கேட்டுட்டு யாராவது சோல்னு சொல்லுவாங்களா? அவங்க தொழில் பாப். அன்னிக்கு டெட்ராய்ட் மோட்டவுன் கம்பெனியோட பாட்டு விக்குது, அதனால மோட்டவுன் மாதிரி ஒண்ணு தெச்சுக் கொடுத்தாங்க.

ரெண்டாவது, ட்ரம்ஸைக் கேளு. நிறைய மோட்டவுன் ஹிட்டுல ஸ்நேர்ன்ற அந்த ட்ரம் அடி நாலு பீட்லயும் விழும், ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு ஆணி அடிக்கற மாதிரி. ரேடியோல சின்ன ஸ்பீக்கர்ல கேட்டாக்கூட கால் ஆடணும்னு பண்ணின வேலை அது. மெம்ஃபிஸ்ல ஸ்டாக்ஸ் ஸ்டூடியோல என்ன பண்ணினாங்க? 1965ல வில்சன் பிக்கெட்டோட ‘இன் தி மிட்நைட் ஹவர்’ ரெகார்டிங் அப்போ அட்லான்டிக் ரெகார்டு கம்பெனில இருந்து வந்த ஜெர்ரி வெக்ஸ்லர் ஸ்டூடியோ நடுவுல நின்னு ஜெர்க் டான்ஸ் ஆடிக் காட்டி, இந்தப் பசங்க இப்படித்தான் ஆடறாங்க, ரெண்டாவது பீட் கொஞ்சம் இழுத்து விழணும்னாராம். அல் ஜாக்சன் ட்ரம்ஸும் ஸ்டீவ் க்ராப்பர் கிட்டாரும் ரெண்டுலயும் நாலுலயும் ஒரு மயிரிழை தாமதமா விழும், அதுக்கப்புறம் அதுவே அவங்க அடையாளம் ஆயிடுச்சு. அந்தத் தாமதத்துலதான் மூச்சு இருக்கு. ஃப்ளர்டேஷன்ஸ் பாட்டுல மூச்சு விட இடமே கிடையாது, முதல் செகண்ட்ல இருந்து கடைசி வரைக்கும் விரட்டிக்கிட்டே ஓடுது. நல்ல ஓட்டம். ஆனா பாப் ஓட்டம்.

சும்மா பாக்க வந்தவன்:
பாட்டு நல்லா இருக்குன்னு ரெண்டு பேருமே சொல்றீங்க அப்புறம் எதுக்குய்யா சண்டை 😂

ஆல்டோ அக்கா:
சும்மா பாக்க வந்தவரே, ரெண்டு பேருக்கும் பிடிச்ச பாட்டுக்குத்தான் சண்டை நல்லா வரும், ஓரமா உக்காந்து பாருங்க.

பாண்டி, எழுதினவன் யாரு தயாரிச்சவன் யாருன்னு அவ்வளவு சொன்னீங்களே, பாடினவங்க யாருன்னு ஒரு வரி வந்துச்சா? இல்ல. ஷெர்லி பியர்ஸ், அர்னஸ்டின் பியர்ஸ், அக்கா தங்கச்சிங்க, சவுத் கரோலைனா. கூட வயோலா பில்லப்ஸ், அலபாமா. லண்டன்ல பொறந்து ரேடியோல கேட்டு காப்பி அடிச்ச பொண்ணுங்க இல்ல அவங்க. ஃப்ளர்டேஷன்ஸ்னு பேர் வைக்கறதுக்கு முன்னாடி நியூயார்க்ல ஜிப்சீஸ்னு ஒரு குழுவா 1965லயே ஓல்ட் டவுன் லேபிளுக்குப் பாடியிருக்காங்க. அங்க எதுவும் பெருசா ஓடல, இங்கிலாந்துல நம்ம மாதிரி பாட்டுக்கு மவுசு இருக்குன்னு கப்பல் ஏறினவங்க. பம்பாய்ல வேலை இருக்குன்னு திருநெல்வேலில இருந்து ரயில் ஏறி வந்த எங்க தாத்தாவை யாராவது இனிமே தமிழன் இல்லன்னு சொன்னா தாராவில அடிதான் விழும்.

நான் சர்ச் கொயர்ல இத்தனை வருஷமா ஆல்டோ பாடறேன், அதனால எனக்கு முதல்ல காதுல விழறது ட்ரம்ஸ் இல்ல, குரல் எப்படி அடுக்கியிருக்காங்கன்றதுதான். லீடு பாடற பொண்ணு ஒரு வரியை வீசுது, பின்னாடி ரெண்டு பேர் அதைப் பிடிச்சுத் திருப்பி வீசறாங்க. இது சர்ச்ல இருந்து வந்தது, பாஸ்டர் ஒரு வரி சொன்னா சபை பதில் சொல்லும். அப்புறம் கோரஸ் வரும்போது லீடு குரலை கவனிச்சுக் கேளுங்க, சுருதில அழகா நிக்கறதுக்கு அந்தப் பொண்ணு மெனக்கெடல, குரல் ஓரத்துல மணல் உரசற மாதிரி ஒரு கரகரப்பு வருது, அதை மறைக்கவும் இல்ல. பாப் பாட்டு சொல்லிக் கொடுக்கறவங்க முதல்ல திருத்தறது அதைத்தான். ரே சார்ல்ஸ் 1954ல ‘ஐ காட் எ வுமன்’ பண்ணினப்போ ஒரு காஸ்பல் பாட்டோட மெட்டை எடுத்து அதுல ஆண்டவர் இருந்த இடத்துல ஒரு பொண்ணை வெச்சாரு, எவ்வளவு பேர் திட்டினாங்க. சோல்னு சொல்றது அந்த வேலையைத்தான். அதுக்கு ஸ்டூடியோ எந்த ஊர்ல இருந்தா என்ன?

விகன் வெறியன்:
ஆஹா நம்ம ஏரியா! கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

இந்தப் பாட்டு இன்னிக்கு பேசப்படறதுக்குக் காரணமே இங்கிலாந்தோட வடக்குப் பக்கத்து டான்ஸ் கிளப்புங்கதான். மான்செஸ்டர்ல ட்விஸ்டட் வீல், ஸ்டோக்ல கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, கடைசியா விகன் கசினோ, இது 1973 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 1981 டிசம்பர்ல மூடினாங்க. ஃபேக்டரி வேலை பாக்கற பசங்க சனிக்கிழமை ராத்திரி போய் விடிய விடிய ஆடுவாங்க, சாராயம் கூட கிடையாது, தரைல டால்கம் பவுடர் கொட்டி வழுக்கி வழுக்கி ஆடறது. அவங்க தேடினது ஹிட் பாட்டு இல்ல, அமெரிக்கால ஊத்திக்கிட்ட பாட்டு. மோட்டவுன் மாதிரி வேகமா இருக்கணும், யாருக்கும் தெரியாததா இருக்கணும். இந்த மாதிரி பாட்டுக்கு நார்தர்ன் சோல்னு பேர் வெச்சது டேவ் கோடின், லண்டன் கோவன்ட் கார்டன்ல சோல் சிட்டின்னு ரெகார்டு கடை நடத்தினவரு. ஃபுட்பால் மேட்ச் பாக்க வடக்குல இருந்து வர்ற பசங்க புதுசா வந்த ஃபங்க் பக்கமே திரும்பாம பழைய வேகமான பாட்டாவே கேக்கறாங்கன்னு பாத்து, கடைப் பசங்களுக்குப் புரியறதுக்காக வெச்ச பேரு, 1970ல ப்ளூஸ் அண்ட் சோல் பத்திரிகைல எழுதி ஊர் பூரா பரவிடுச்சு.

‘நத்திங் பட் எ ஹார்ட்டேக்’ இங்கிலாந்துல ஹிட் ஆகல, அமெரிக்கால 1969ல 34வது இடம் வரைக்கும் போச்சு. ஆனா வடக்கு கிளப்புங்கள்ல அது கிளாசிக். இத்தனை வருஷம் ஆடித் தீர்த்தவங்க சோல்னு ஏத்துக்கிட்டாங்க. பாண்டி அண்ணே, மூச்சு விட இடமில்லன்னு நீங்க குறையா சொன்னீங்களே, அந்த ஃப்ளோர்ல அதுதான் தகுதியே.

இன்னொண்ணு, ரூல் என்னன்னு கேட்டா ஆர். டீன் டெய்லர் கேஸையும் பாருங்க. வெள்ளைக்காரன், கனடாக்காரன், மோட்டவுன்ல பாட்டு எழுதற வேலை. 1967ல ‘தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்’னு பாடினான், எழுதினது ஹாலண்ட் டோசியர் ஹாலண்ட்னு மோட்டவுன்ல பாட்டெழுதற மூணு பேரும் அவனும். அப்போ யாரும் சீண்டல. கிளப்ல போட்டுப் போட்டு 1974ல இங்கிலாந்துல திரும்ப ரிலீஸ் பண்ணினா மூணாவது இடம்! லேபிள் மோட்டவுன், ஊர் டெட்ராய்ட், ஆனா பாடினவன் வெள்ளை. ஃப்ளர்டேஷன்ஸ் அப்படியே உல்டா. இதுல எது சோல் எது பாப்?

செம்பூர் ஸ்டைலஸ்:
அரே யார், இதான் நான் கேக்கணும்னு நெனச்சது! பாண்டி அண்ணே போன மாசம் நீங்களே ஆர். டீன் டெய்லர் போட்டு ‘கேளுடா தம்பி கேளு’ன்னு சொன்னீங்கல்ல, அப்போ அது மட்டும் எப்படி?

பேக்பீட் பாண்டி:
போன மாசம் தலைப்பு ‘பேய்’டா. பேய்ப் பாட்டு எல்லாம் கொண்டு வாங்கன்னு சொன்னேன், பேய்ப் பாட்டு போட்டேன். அதை நான் சோல்னு எங்க சொன்னேன்?

வெறியன் தம்பி, எழுதினது எல்லாம் சரி, ஆனா டான்ஸ் ஃப்ளோர்ல ஆடிட்டாங்கன்றதால ஒரு பாட்டு சோல் ஆயிடாது. விகன்ல ஜோ 90ன்னு ஒரு குழந்தைங்க பொம்மை டிவி சீரியலோட தீம் மியூசிக்கை போட்டு ஆடினாங்களா இல்லையா? ஆடினாங்க. அதுவும் சோலா? வேகம் ஒத்துப் போச்சுன்னு எடுத்துக்கிட்டாங்க, அது அவங்க சந்தோஷம், நான் குறுக்க நிக்கல. ஆனா ‘நார்தர்ன் சோல்’ன்றது ஒரு ஃப்ளோரோட பேரு, இசையோட பேரு இல்ல.

ஆல்டோ அக்கா, உங்களுக்குத்தான் யோசிச்சு பதில் சொல்லணும். நீங்க குரலை வெச்சுப் பேசறீங்க. அப்போ அரீதா ஃப்ராங்க்ளினை எடுத்துக்கோங்க. அப்பா டெட்ராய்ட்ல பேர் போன பாஸ்டர், அரீதா சின்ன வயசுல இருந்து சர்ச்ல பாடினவங்க, அந்தக் குரல் 1960லயும் அதே குரல்தான். ஆனா 1966 வரைக்கும் கொலம்பியா கம்பெனில இருந்தப்போ அவங்களை வெச்சு பிராட்வே பாட்டு, ஜாஸ், ஸ்ட்ரிங்ஸ் வெச்ச மெதுவான பாட்டுன்னு எல்லாம் பண்ணினாங்க, அதுல பெரும்பாலானதை யாரும் சோல்னு சொல்றதில்ல. 1967 ஜனவரில அலபாமால மசில் ஷோல்ஸ்ல ஃபேம் ஸ்டூடியோவுக்குப் போனாங்க, ஒரே நாள், ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’ வந்துச்சு, உலகம் தலைகீழாச்சு. தொண்டை அதேதான், சர்ச் அதேதான். அப்போ எது மாறினது? சுத்தி இருந்த வாசிப்பு. ஆக, குரல் மட்டும் போதாது. இதைத்தான் நானும் சொல்றேன்.

தோல் கலரைப் பத்தி நான் பேசலன்றதையும் குறிச்சுக்கோங்க, ஏன்னா அடுத்து யாராவது அங்க வருவீங்க. அந்த ஃபேம் ஸ்டூடியோல ட்ரம்ஸ் வாசிச்ச ராஜர் ஹாகின்ஸ் வெள்ளை, கீபோர்டு ஸ்பூனர் ஓல்ட்ஹாம் வெள்ளை. ஸ்டாக்ஸ்ல க்ராப்பர் வெள்ளை, பேஸ் வாசிச்ச டக் டன் வெள்ளை. அவங்க வாசிச்சது சோல்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

மாட்டுங்கா மாமா:
நான் பொதுவா எழுதறதில்ல, படிச்சிண்டிருக்கறதோட சரி. ஆனா இதுல ஒரு விஷயம் சொல்லணும்னு தோணித்து.

அறுபதுகள்ல நாங்க கிங்ஸ் சர்க்கிள்ல இருந்தோம், மர்ஃபி ரேடியோல ராத்திரி சிலோன் இங்கிலீஷ் சர்வீஸ் பிடிக்கும், அலை அடிச்சு அடிச்சு வரும். சுப்ரீம்ஸும் வரும், க்ளிஃப் ரிச்சர்டும் வரும், ஜிம் ரீவ்ஸும் வரும். எங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே பேருதான், இங்கிலீஷ் பாட்டு. எங்கப்பாவுக்கு வேற ஒரு பேர் உண்டு, அதை இங்க எழுத முடியாது.

நீங்க எல்லாரும் 1968ல சோல்னு ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பிரிச்சு வெச்சிருந்தா மாதிரி பேசறேள். ஹிட் லிஸ்ட் போடற அமெரிக்கப் பத்திரிகை பில்போர்டுலயே அது கிடையாது. கறுப்பர்கள் பாட்டுக்கு அவா வெச்சிருந்த லிஸ்ட் 1942ல ஹார்லெம் ஹிட் பரேடுன்னு ஆரம்பிச்சுது, அப்புறம் ரேஸ் ரெகார்ட்ஸ், 1949ல ரிதம் அண்ட் ப்ளூஸ். 1963 நவம்பர் கடைசியில அந்த லிஸ்டையே நிறுத்திட்டா, பாப் லிஸ்ட்லயும் இதே பாட்டுதானே இருக்கு, தனியா எதுக்குன்னு. 1965 ஜனவரில திரும்பக் கொண்டு வந்தா. சோல்னு அந்த லிஸ்டுக்குப் பேர் மாத்தினது 1969 ஆகஸ்ட்ல. அதாவது இந்தத் தட்டு வெளிவந்தப்போ பில்போர்டுல சோல்னு ஒரு பட்டியலே இல்லை. விக்கறவாளே அப்பப்போ பேரை மாத்திண்டிருந்த காலம் அது.

பாண்டி, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. நம்ம சண்முகானந்தா ஹால் கச்சேரிக்கு வர்றவாள்ளயும் இந்த சண்டை உண்டு. சினிமா பாட்டு ஒண்ணு சுத்தமான ராகத்துல இருக்குன்னா அது கர்நாடக சங்கீதம் ஆயிடுமான்னு. ஸ்வரம் எல்லாம் சரியா விழுந்தாலும் ஆகாதுன்னு அடிச்சுச் சொல்ற மாமாக்கள் உண்டு, ஆனா நல்ல சாரீரம் உள்ள ஒருத்தர் பாடி கமகம் தானா வந்து விழுந்துடுத்துன்னா, அதே மாமாக்கள் காண்டீன்ல காப்பி குடிக்கறச்சே அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்திண்டிருப்பா. நான் பார்த்திருக்கேன். ராகத்தைப் போட்டவர் யாருன்னு அப்போ யாரும் கேக்கறதில்லை.

ஆல்டோ அக்கா:
மாமா சூப்பர் 👏 அப்பப்போ எழுதுங்க.

பாண்டி, அரீதாவை எடுத்தது நல்ல அடி, ஒத்துக்கறேன், ஆனா அந்தக் கதைல பாதியை விட்டுட்டீங்க. ஃபேம்ல வாசிப்பு மாறினது உண்மை. எப்படி மாறினது? வெக்ஸ்லர் அவங்களை பியானோ முன்னாடி உக்கார வெச்சாரு. அவங்களே வாசிச்சுப் பாட, மத்தவங்க அவங்க கையைப் பாத்து, மூச்சைப் பாத்து பின்னாடி வந்தாங்க. கொலம்பியால பெரும்பாலும் அரேஞ்சர் முன்னாடியே எல்லாம் எழுதி வெச்சிருப்பாரு, பாடறவங்க அந்த சட்டைக்குள்ள போய் நிக்கணும். அதனால நான் கேக்கற கேள்வி இது: பாடறவங்க பின்னாடி வாசிப்பு போகுதா, வாசிப்பு பின்னாடி பாடறவங்க போறாங்களா? முதல்ல சொன்னது நடந்தா எனக்கு அது சோல். ஊரும் வேண்டாம், லேபிளும் வேண்டாம், எந்த பீட்ல ஸ்நேர் விழுதுன்றதும் வேண்டாம்.

இப்ப ஃப்ளர்டேஷன்ஸுக்கு வருவோம். நீங்க சொல்றபடி அரேஞ்ச்மென்ட் லண்டன்ல எழுதி வெச்சதுதான், ப்ராஸும் ஸ்ட்ரிங்ஸும் சுவர் மாதிரி நிக்குது, அந்தப் பொண்ணுக்காக அது நிக்காது, சரி. ஆனா அவ என்ன பண்றா? சுவருக்குள்ள அடக்கமா நிக்காம அது மேல ஏறி உக்காந்துடறா. வரி முடியற இடத்துல வாத்தியம் அடுத்த வரிக்கு ஓடப் பாக்கும், இவ அந்தக் கடைசி வார்த்தையை விடாம இழுப்பா, அவ விட்டப்புறம்தான் அது போறா மாதிரி காதுக்குக் கேக்கும். ஒருக்கா ஹெட்போன் போட்டு இடது வலது ரெண்டையும் கேளுங்க. தயாரிச்சவங்க கேட்டது பாப் பாட்டாவே இருக்கட்டும், கிடைச்சது வேற. இதே டெக்காவோட ஆளுங்க இதே ட்ராக்ல வேற ஒரு லண்டன் பொண்ணைப் பாட வெச்சிருந்தா நீங்க சொல்றதுதான் சரியா இருந்திருக்கும்.

விகன் வெறியன்:
அக்கா சொன்னதுக்கு ஒரு சாட்சி இருக்கு. ‘டெய்ன்டட் லவ்’. எல்லாருக்கும் சாஃப்ட் செல் பாடினதுதான் தெரியும், 1981, சின்தசைசர் ரெண்டு பேரு, இங்கிலாந்துல நம்பர் ஒன். அதை முதல்ல பாடினது க்ளோரியா ஜோன்ஸ், 1965, ஒரு தட்டோட பி சைடு, ஓடவே இல்ல. எழுதினது எட் காப், ஃபோர் ப்ரெப்ஸ்னு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பாடற சுத்தமான வெள்ளைக்கார பாப் குரூப்ல இருந்தவரு! ரிச்சர்ட் சியர்லிங்னு ஒரு டிஜே எழுபதுகள்ல அமெரிக்கால இருந்து அந்தத் தட்டை எடுத்துட்டு வந்து விகன்ல போட்டுத்தான் அது பிரபலமாச்சு. அதே பாட்டு, அதே வரி. க்ளோரியா ஜோன்ஸ் பாடினது சோல், சாஃப்ட் செல் பாடினது சின்த் பாப், இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அப்போ எழுதினவன் யாருன்றதை வெச்சு முடிவு பண்ண முடியாதுல்ல?

அண்ணே ஜோ 90 விஷயம் நீங்க எடுப்பீங்கன்னு தெரியும், அது எங்க குடும்பத்து அவமானம், அதைப் பொதுவுல பேசாதீங்க 🙏

பேக்பீட் பாண்டி:
எட் காப் பாயின்ட் வாங்கிக்கிட்டேன். அதோட இன்னொண்ணும் சேத்துக்கோ, டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட் எழுதின டான் பென்னும் சிப்ஸ் மோமனும் வெள்ளைதான், ஜேம்ஸ் கார் பாடினா கண்ணுல தண்ணி வரும். அதனால எழுதினவனை வெச்சுப் பேசறதை இதோட விடறேன், ட்ரம்ஸை வெச்சுப் பேசறதை விடமாட்டேன்.

அக்கா சொன்ன அளவுகோல் நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல ஒரு ஓட்டை. பாடறவங்க வாத்தியத்தை இழுத்துட்டுப் போனா சோல்னா பாதி மோட்டவுன் வெளிய போயிடும். மோட்டவுன் முதலாளி பெர்ரி கார்டி கம்பெனிக்கு வெச்ச வாசகமே ‘தி சவுண்ட் ஆஃப் யங் அமெரிக்கா’, சோல்னு ஒரு எழுத்து அதுல இருக்கா? எப்படி நடக்கணும் எப்படி உக்காரணும்னு சொல்லிக் கொடுக்க மாக்ஸின் பவல்னு ஒரு டீச்சர், ஸ்டெப் சொல்லிக் கொடுக்க சோலி அட்கின்ஸ். வெள்ளைக்காரப் பசங்க காசு கொடுத்து வாங்கணும், அதுதான் திட்டம். ட்ராக்கை முன்னாடியே போட்டு வெச்சிட்டு அதே ட்ராக்ல ரெண்டு மூணு பேரைப் பாட வெச்ச கம்பெனி அது. நான் சுப்ரீம்ஸோட நிறைய பாட்டை பாப்னுதான் சொல்லுவேன், வீட்ல அடி வாங்கினாலும் சொல்லுவேன். ஆக, ஃப்ளர்டேஷன்ஸ் பாப்னு நான் சொல்றது அவமானப்படுத்தறதுக்கு இல்ல, சுப்ரீம்ஸ் உக்காந்திருக்கற அதே பெஞ்ச்லதான் உக்கார வெக்கறேன்.

ஆல்டோ அக்கா:
அப்போ ஞாயித்துக்கிழமை யாராவது ஃபோர் டாப்ஸ் கொண்டு வந்தா கதவை சாத்திடுவீங்களா?

பேக்பீட் பாண்டி:
அந்த ஃபோர் டாப்ஸோட லீடு சிங்கர் லீவை ஸ்டப்ஸ் பாடறப்போ எவன் கதவை சாத்துவான்.

ஆல்டோ அக்கா:
ஏன்? நாலு பீட்லயும் ஸ்நேர். ட்ராக் முன்னாடியே போட்டது. மோட்டவுன். உங்க கணக்குப்படி பாப். ஆனா உள்ள விடறீங்க, ஏன்னா அந்த மனுஷன் கத்தறது சர்ச்ல கத்தற மாதிரி இருக்கு. நானும் இதைத்தான் நேத்துல இருந்து சொல்லிட்டு இருக்கேன்.

சும்மா பாக்க வந்தவன்:
அண்ணன் அவுட்டு 🏏

மாட்டுங்கா மாமா:
எல்பிடபிள்யூ. ரிவ்யூ எடுத்தாலும் தேறாது.

செம்பூர் ஸ்டைலஸ்:
பாண்டி அண்ணே?

பேக்பீட் பாண்டி:
ஹெட்போன் போட்டு கேட்டேன், ரெண்டு தடவை. அக்கா சொன்ன அந்த வரி முடியற இடம் இருக்கே, அங்க அவ விடாம இழுக்கறது நிஜம்தான். ஆனா ட்ரம்ஸ் அவளுக்காக நிக்கல, அது பாட்டுக்கு ஓடுது, மூச்சு இல்லன்னு நான் சொன்னதும் நிஜம்தான். நடுவுல மாட்டிக்கிட்டு அவ பாடறா. இதை முழு சோல்னு நான் எழுதிக் கொடுக்கமாட்டேன். பாப் ட்ராக் மேல ஒரு சோல் பாடகி, இதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது.

தம்பி கொண்டு வா. ஆனா வரிசை நான்தான் முடிவு பண்ணுவேன், உன் தட்டுக்கு முன்னாடி வில்சன் பிக்கெட் போடுவேன், பின்னாடி ஆர். டீன் டெய்லர் போடுவேன், நடுவுல அது எப்படி நிக்குதுன்னு எல்லாரும் கேட்டு அவங்கவங்க சொல்லட்டும். அடாப்டர் மறக்காதே, என்கிட்ட இருந்த மஞ்சள் அடாப்டரை போன தடவை யாரோ பாக்கெட்ல போட்டுட்டுப் போயிட்டாங்க, யாருன்னு தெரியும், பேர் சொல்லமாட்டேன். அப்புறம் தட்டைக் கழுவிட்டு வா, சோர் பஜார் தூசியோட என் ஊசி மேல வெக்க விடமாட்டேன். குழாய்த் தண்ணி வேணாம், டிஸ்டில்டு வாட்டர், மைக்ரோஃபைபர் துணி, லேபிள் நனையாம.

விகன் வெறியன்:
அண்ணே ஆர். டீன் டெய்லருக்கு பதிலா டீன் பாரிஷ் போடலாமா? ‘ஐம் ஆன் மை வே’, 1967, ப்ரூக்ளின் இத்தாலிக்காரன். விகன்ல காலைல எட்டு மணிக்கு மூடறதுக்கு முன்னாடி எப்பவும் போடற மூணு பாட்டுல கடைசி அதுதான். சிடில இருக்கு என்கிட்ட.

பேக்பீட் பாண்டி:
சிடியோட என் வீட்டு வாசல்ல கால் வெச்சா பாரு.

ஆல்டோ அக்கா:
நான் டோபி லெஜண்ட் பாட்டு கொண்டு வரேன், ரீஇஷ்யூதான் ஆனா தட்டு. நேரம் என்ன?

பேக்பீட் பாண்டி:
நாலு மணி. பத்து மணிக்கு மேல ஆம்ப்ளிஃபையர் ஓடினா சொசைட்டி செக்ரட்டரி மேல வந்துடுவாரு, அதனால ஒம்பதரைக்கு மூட்டை கட்டணும். ஹார்பர் லைன்ல அன்னிக்கு தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தி மெகா பிளாக் போட்டிருக்கான், செம்பூர் பக்கம் வரவங்க குர்லா வரைக்கும் மெயின் லைன்ல வந்து ஆட்டோ பிடிங்க. மாமா, நீங்களும் வரணும், லிஃப்ட் ரிப்பேர் முடிஞ்சாச்சு.

மாட்டுங்கா மாமா:
வரேன். மர்ஃபி ரேடியோ இன்னும் ஓடறது, ஆனா அதைத் தூக்கிண்டு வர முடியாது. கையில ஒரு சாம் குக் தட்டு இருக்கு, ‘யூ செண்ட் மீ’, 1957. அதையும் பாப்னு சொல்றவா இப்பவே சொல்லிடுங்கோ.

பேக்பீட் பாண்டி:
மாமா ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.